பெட்டிமேல் எழுதிய முப்பத்தோரு பேர்

உட்கார்ந்து எழுந்தால் முட்டியில் 'களுக்' என்று சத்தம் கேட்கும் வயசுக்கு வந்துவிட்ட என் வகுப்புக்காரர்களே! போன வாரம் நம் குழுவில் ஒருத்தர் கேட்டிருந்தார், ப்ளஸ் டூவில் நாங்கள் மூன்று பேர் எடுத்த படத்தின் சிடி யாரிடமாவது இருக்கிறதா என்று. இல்லை. இருந்த ஒரே ஒரு சிடியைக் கிளி விரட்டுவதற்காக அம்மா மாமரத்தில் கட்டித் தொங்கவிட்டுவிட்டாள். அது வெயிலில் மினுக்கி மினுக்கி இரண்டு பருவம் காவல் காத்துவிட்டு, ஒரு காற்றில் எங்கோ போய்விட்டது. சிடி போனால் என்ன, எனக்கு வாய் இருக்கிறதே. உங்கள் தோள்மேலாக உங்கள் வீட்டுக்காரர்களும் பிள்ளைகளும் எட்டிப் பார்த்துப் படிக்கிறார்கள் என்று தெரியும். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். நடுவில் யாரும் 'அப்படி இல்லை' என்று வரக்கூடாது. வேண்டுமானால் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

மலையாள எல்லையோரம், முதலமடைப் பக்கத்துப் பள்ளிக்கூடம். ஜர்னலிசம் என்று ஒரு பாடம். அதற்குச் செய்முறைத் தேர்வாக மூன்று மூன்று பேராகச் சேர்ந்து ஒரு சினிமாவின் ஆரம்பத்தை மட்டும் எடுத்துத் தர வேண்டும். இரண்டே நிமிஷம். எங்கள் சார் மலையாளி, தமிழும் பேசுவார். "பார்க்கிற ஆளு கசேரயில இருந்து எந்திரிக்கக் கூடாது. அதான் ஆரம்பம். மனசிலாயோ?" என்றார். எங்களுக்கு மனசிலாகிவிட்டது. ஊருக்குத்தான் ஆகவில்லை. "மீதிப் படம் எங்க?" என்று கேட்டார்கள். மீதி கிடையாது, ஆரம்பம் மட்டும்தான் என்றால், "எல போட்டுத் தண்ணி தெளிச்சுட்டு எந்திரிச்சுப் போன்னு சொல்றாப்புல இருக்குது" என்று சிரித்தார்கள்.

அப்பா சிரிக்கவில்லை. மாங்காய் மண்டி வைத்திருந்த மனுஷர் அவர். "படம் எடுக்கறதுக்கு ஒரு படிப்பா? செரி, படி. ஒரு பேப்பர் போச்சுன்னாலும் மக்யா நாளே மண்டியில எடை எழுத வந்துரோணும். அப்பறம் படிப்புப் பேச்சே எடுக்கப்படாது" என்றார். வெறும் மிரட்டல் என்று நினைக்காதீர்கள். என் அக்கா கணக்கில் ஒருமுறை தவறினாள், அடுத்த நாளிலிருந்து தராசுக்குப் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். எனக்கோ எங்கள் பக்கத்துச் சித்தூர் காலேஜில் சேர வேண்டும் என்று வெறி. அந்த இரண்டு நிமிஷப் படம் தேறவில்லை என்றால் நானும் அக்காவுக்குப் பக்கத்தில் இன்னொரு நோட்டோடு உட்கார வேண்டியதுதான்.

என்னோடு இரண்டு பேர். ஒருத்தி முக்கில் மளிகைக்கடை வைத்திருந்த ராவுத்தர் வீட்டு மகள். நறுக்கென்று பேசுவாள், எதையும் எடை போட்டுத்தான் ஒத்துக்கொள்வாள். இன்னொருவன் கல்யாண வீடியோ எடுக்கிறவரின் மச்சினன். அவனைச் சேர்த்துக்கொண்டதே கேமராவுக்காகத்தான், மறைப்பானேன். மார்கழியில் கல்யாணம் கிடையாது. அந்த முப்பது நாளும் கேமரா வீட்டில் சும்மா தூங்கும். தை முதல் முகூர்த்தத்துக்குள் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பது பேச்சு. எங்கள் ஊர் மாங்காயும் ஊருக்கெல்லாம் முந்திக்கொண்டு மார்கழிக் கடைசியிலேயே இறங்க ஆரம்பித்துவிடும். கேமராவும் காயும் ஒரே சமயத்தில் கைக்கு வருகிற அந்தப் பத்துப் பன்னிரண்டு நாள்தான் எங்களுக்குக் கிடைத்த நேரம்.

கதை என்னுடையது. தோப்பில் மாங்காய் அடுக்குகிற ஒரு பெண், வைக்கோலுக்கு நடுவே ஒரு கடிதத்தை ஒளித்துவைத்துப் பெட்டியை மூடுகிறாள். பெட்டி லாரி ஏறுகிறது. லாரி வடக்கே புறப்படுகிறது. யாருக்குக் கடிதம், என்ன எழுதியிருக்கிறாள் என்று தெரிவதற்குள் இரண்டு நிமிஷம் முடிந்துவிடும். சாருக்கே பிடித்துவிட்டது. "கொள்ளாமே!" என்றார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு.

அப்புறம்தான் நாங்கள் அந்தத் தப்பைச் செய்தோம். எங்கள் பக்கத்து ஆள்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. லாரி கேட்கப் போனபோது டிரைவர் அண்ணன், "எம்பேரு வருமா, அம்முணி?" என்று கேட்டார். வரும் என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது. வைக்கோல் கொடுத்தவர், பழைய பேப்பர் கொடுத்த கடைக்காரர், ஒரு நாள் குடை கொடுத்தவர், மோர் கொடுத்த வீட்டம்மா, நாயைக் கட்டிப்போட்டவர், ஒவ்வொருத்தராக வந்து "எம்பேரு?" என்றார்கள். எங்கள் ஊரில் ஒரு பத்திரிகை அடித்தால் ஒருத்தர் பேர் விடக்கூடாது. விட்டால் உறவு போயிற்று. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த நாங்கள் எல்லாருக்கும் தலையாட்டினோம். எண்ணிப் பார்த்தால் முப்பத்தோரு பேர்! ஒரு பேருக்கு மூன்று நொடி வைத்தாலும் படத்தில் அரை நிமிஷம் கூட மிஞ்சாது.

பட்டியலைப் பார்த்து சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதென்ன சினிமாவோ, கல்யாணப் பத்திரிகையோ? நாலு பேர் மதி, போதும். மற்றதெல்லாம் வெட்டு" என்றார். வெட்டுவதாம்! அவர் சாயங்காலம் பஸ் ஏறிப் போய்விடுவார். நாங்கள் அல்லவா அந்த முப்பத்தோரு பேர் முகத்தில் தினமும் விழிக்க வேண்டும்.

அதிலும் இரண்டு பேர் இருந்தார்களே, சாமி! ஒருத்தர் என் அப்பா, ஒருத்தர் என் பெரியப்பா. பெட்டி அப்பாவின் மண்டியிலிருந்து வர வேண்டும். தோப்பு பெரியப்பாவுடையது. லாரி உள்ளே வந்து மரத்தடியில் திரும்புகிற அளவுக்கு இடமும், அந்த வாரத்திலேயே பறிக்கிற காயும் அவர் தோப்பில் மட்டும்தான் இருந்தது. இருவரும் பேசி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். அத்தை கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுத்தது அப்பா. 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற இடத்தில் பெரியப்பா பேர் விட்டுப்போய்விட்டது. சரிபார்க்காமல் வாங்கி வந்தது அப்பாவின் தப்பு. கூடப்பிறந்த தங்கை கல்யாணத்தில் பெரியப்பா மண்டப வாசலில் நின்று மொய் எழுதிவிட்டு, பச்சைத் தண்ணீர் குடிக்காமல் போனார். அன்றிலிருந்து அவர் வாயில் அப்பா 'மண்டிக்காரன்', அப்பா வாயில் அவர் 'தோப்புக்காரர்'.

நான் தோப்பு கேட்கப் போனேன். மாம்பூ வாசமும் மருந்தடித்த நெடியும் கலந்து மூக்கில் ஏறியது. பெரியப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, பறித்த காயின் காம்பை ஒடித்துப் பால் வடியக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார்: "தோப்பு வேணும்னா எடுத்துக்க. எம்பேரு மொதல்ல வரோணும். அந்த மண்டிக்காரன் பேருக்கு மேல வரோணும்."

அப்பாவிடம் வந்தேன். அப்பா அதற்கு மேல். "பெட்டி எத்தன வேணும்னாலும் எடுத்துக்க. தோப்புக்காரரு பேருக்குப் பின்னால எம்பேரு வந்துச்சுன்னா அத்தன பெட்டியையும் அங்கியே ஒடச்சுப் போட்டுருவேன்."

அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமா நஞ்சமா? நாற்பது ஐம்பது வயசு ஆள்கள் பேருக்குப் பேர் சண்டை போடுகிறார்களே, அதற்கு என் படிப்பா பலி என்று அழுதேன். அம்மாவிடம், "உங்க வீட்டுக்காரருக்கு அறிவே இல்ல" என்று கத்தி ஒரு அறையும் வாங்கினேன். இப்போது சொல்கிறேன், நான் அவர்களைத் தப்பாகத்தான் எடை போட்டேன். போன வருஷம் என் நாத்தனார் வீட்டுப் பத்திரிகையில் என் பேர் விட்டுப்போனது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள்தான் பெரியப்பாவை நினைத்துக்கொண்டேன்.

தேர்வுக்கு ஆறு நாள் இருந்தது. மண்டியில் நாங்கள் மூன்று பேரும் காலிப் பெட்டிமேல் உட்கார்ந்து, யார் பேர் முதலில் என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தோம். பேரை மாற்றி மாற்றிப் போடலாம் என்றான் கேமராக்காரன். மாற்றிப் போட்டாலும் ஒன்று முன்னால் வந்துதானே தீரும்? எதிரே மண்டிக்கு வேலைக்கு வருகிற ஒரு அக்கா சிவப்புப் பெயிண்டில் பிரஷ்ஷை முக்கி, பெட்டிப் பலகையில் வடக்கத்தி வியாபாரியின் மார்க்கை எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு பெட்டி, இன்னொரு பெட்டி, அதற்குமேல் ஒரு பெட்டி. கடைக்காரர் மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "எங்க கடையில டின்னு அடுக்கி வெச்சிருக்கோமே, அதுல மொத டின்னு எது? மேல இருக்கறதா, அடியில இருக்கறதா?"

நான் எழுந்து குதித்தேன். பெட்டி சரிந்து கேமராக்காரன் கீழே விழுந்தான். பேரைத் திரையில் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால்தானே முதல், கடைசி எல்லாம்? முப்பத்தோரு பேரையும் முப்பத்தோரு பெட்டியில் எழுதி லாரியில் அடுக்கிவிட்டால்? பின்கதவு 'தடால்' என்று விழும், எல்லாப் பேரும் ஒரே அடியாகக் கண்ணில் படும். தனியாகப் பேர் போடவே வேண்டாம், பேர்களே படத்துக்குள் பெட்டியாக நிற்கும். கடிதம் இருக்கிற பெட்டியும் அங்கேதான் இருக்கும்.

பெரியப்பா பேர் எழுதிய பெட்டியை உச்சியில் வைத்தோம். அப்பாவுடையதை அடிவரிசையின் நடுவில் வைத்தோம். பெரியப்பா தூர நின்று பார்த்து, "மேலதான் இருக்குது, செரி" என்றார். அப்பா லாரியின் மறுபக்கம் நின்று யாரிடமோ சொல்வதுபோல், "அடியில இருக்கறவந்தான் எல்லாத்தையும் தாங்கறான்" என்றார். இருவருக்கும் திருப்தி! நான் லாரிச் சக்கரத்துக்குப் பின்னால் போய் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

படம் எடுத்தது ஒரே பிற்பகல். பெட்டிகளில் இருந்தது நிஜமான சரக்கு, ஐந்து மணிக்கு லாரி கிளம்பியாக வேண்டும். வெயில் சரியாகப் பின்கதவில் விழ வேண்டும் என்று லாரியைப் பதினாலு முறை பின்னால் எடுக்க வைத்தேன். எட்டாவது முறைக்கு மேல் டிரைவர் அண்ணன் பேசுவதை நிறுத்திவிட்டு ஹாரனிலேயே பதில் சொன்னார். பெட்டி தள்ளுகிற நாலு சக்கர வண்டியில் வைக்கோல் மூட்டையைப் போட்டு, அதன்மேல் கேமராக்காரனைக் குப்புறப் படுக்க வைத்து, கடைக்காரர் மகள் மெதுவாகத் தள்ளினாள். மார்கழிக் காற்று மணலை வாரி இறைத்தது. மாம்பால் பட்டு என் முழங்கை தீப்பட்டதுபோல் எரிந்தது. கதவு விழுந்தது. முப்பத்தோரு பேரும் சிவப்பாக, ஈரப் பெயிண்டோடு வெயிலில் பளபளவென்று நின்றார்கள். கேமரா அவர்களைத் தாண்டிப் போய், பலகைச் சந்தில் எட்டிப் பார்த்த கடிதத்தின் ஓரத்தில் நின்றது. "எடுத்தாச்சு!" என்று அவன் கத்தியபோது மணி ஐந்துக்கு இரண்டு நிமிஷம் பாக்கி.

லாரி அப்படியே டெல்லிக்குப் போய்விட்டது. நாலு நாள் கழித்து வியாபாரி மண்டிக்கு போன் செய்து, பெட்டியில் இதென்ன புது மார்க், எந்தக் கம்பெனி என்று கேட்டாராம். எங்கள் ஊர் நாயைக் கட்டிப்போட்டவர் பேர் டெல்லிச் சந்தை வரைக்கும் போயிருக்கிறது, யாருக்குக் கிடைக்கும் அது!

எடுத்ததை வெட்டி ஒட்டுகிற வேலை வீடியோக்காரர் கம்ப்யூட்டரில் நடந்தது. நாலு மணிக்கூர் மாடாக உழைத்துக் கொடுத்தார். கடைசியில், "ஒண்ணே ஒண்ணு, என்ற திருப்திக்கு" என்று கெஞ்சி, லாரி கிளம்பும்போது சிவப்பு இதயம் ஒன்றைப் பறக்கவிட்டார். கல்யாண வீடியோவில் வருமே, அதே இதயம். வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. அது எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தப் போகிறது என்று தெரிந்திருந்தால் அவர் காலில் விழுந்தாவது எடுக்க வைத்திருப்பேன்.

தேர்வன்று வெளியூரிலிருந்து பரிசோதகர் வந்தார். வெள்ளைச் சட்டை, சிரிக்காத முகம். அவருக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்கத் தெரியாது. காலை பத்து மணிக்கு டெம்போவில் ஊரே வந்து இறங்கியது. பேர் பார்க்க வந்திருக்கிறார்களாம்! சார் வெலவெலத்துப்போய், "வெளியில நில்லுங்க, சத்தம் வேண்டாம்" என்று ஜன்னல்களில் நிறுத்தினார். ஒரு ஜன்னலில் பெரியப்பா. அதற்கு அடுத்ததில் அப்பா.

டிவியில் படம் ஓடியது. கதவு 'தடால்' என்று விழுந்தது. பரிசோதகர் குனிந்து, இதென்ன எழுத்து என்று மலையாளத்தில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஜன்னலிலிருந்து, "அது நானுங்க!" என்று டிரைவர் அண்ணன் குரல் வந்தது. "அதுக்குப் பக்கத்துல நானுங்க!" "மூணாவது வரிசை, என்ற கடைங்க!" "மோருக்காரி நாந்தானுங்க!" பரிசோதகர் டிவியைப் பார்ப்பதா, ஜன்னலைப் பார்ப்பதா என்று தெரியாமல் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போது அந்த இதயம் பறந்தது.

பரிசோதகர் முகம் மாறிவிட்டது. "இது ஸ்டுடியோக்காரன் எடுத்ததல்லே?" என்றார். வேறொரு பள்ளியில் பிள்ளைகள் ஸ்டுடியோவில் சொல்லி எடுத்து வந்ததைப் பிடித்தாராம். "நீங்க எடுத்ததுன்னா உங்க பேரு எங்கே?" என்று கேட்டார்.

நாங்கள் மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். ஐயோ! நாயைக் கட்டிப்போட்டவர் பேர் வரைக்கும் எழுதியிருந்தோம். யாரையாவது விட்டுவிடுவோமோ என்ற பயத்தில் எங்கள் மூன்று பேரையும் எழுதவே மறந்துபோயிருந்தோம். சாரைப் பார்த்தேன். அவரும் எங்களைச் சந்தேகமாகத்தான் பார்த்தார். பரிசோதகர் பேனாவை மூடி வைத்தார். மண்டி, தராசு, நோட்டு எல்லாம் என் கண்முன் வந்தது. 

"ஏனுங்க, இந்தப் புள்ளதானுங்க பதினாலு வாட்டி என்ற லாரியப் பின்னால எடுக்க வெச்சுது!" என்று டிரைவர் அண்ணன் கத்தினார். "ஸ்டுடியோக்காரனா இருந்தா எறக்கி உட்டுட்டுப் போயிருப்பேனுங்க!"

"எம்மவ வண்டி தள்ளித் தள்ளி உள்ளங்கை கொப்புளிச்சுப் போச்சு, வேணும்னா பாருங்க" என்றார் கடைக்காரர். அவள் இரண்டு கையையும் விரித்து நீட்டினாள். கேமராக்காரன் சட்டையைத் தூக்கி, வைக்கோல் கீறிய வயிற்றைக் காட்டினான். பெயிண்ட் அக்கா, என் பாவாடையில் கொட்டிய சிவப்பு இன்னும் போகவில்லை என்று சாட்சி சொன்னாள்.

கடைசியில் பெரியப்பா தொண்டையைச் செருமினார். எல்லாரும் அடங்கினார்கள்.

"நானும் அன்னிக்கு அங்கதானுங்க நின்னேன். 'நெழலு உழுகுது பெரியப்பா, தள்ளி நில்லுங்க'ன்னு என்னையச் சத்தம் போட்டா. எங்கப்பன்கூட என்னையத் தள்ளி நில்லுன்னு சொன்னதில்லீங்க. தள்ளி நின்னேன். இவதான் எடுத்தா."

"நீங்க இவளுக்கு ஆரு?" என்றார் பரிசோதகர்.

பெரியப்பா ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "இவ என்ற தம்பி மகளுங்க."

அடுத்த ஜன்னலில் அப்பா துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, அத்தனை பேருக்கு முன்னால் அழுதார். மண்டியில் ஆயிரம் பேரை அதட்டுகிற மனுஷர் அழுததை அன்றுதான் பார்த்தேன்.  பரிசோதகர் பேனாவைத் திறந்தார். எங்கள் மூன்று பேரின் பேரையும் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு சாரைப் பார்த்து, "ஒந்நுகூடி போடு, மாஷே" என்றார். படம் இன்னொரு தரம் ஓடியது. இந்த முறை ஜன்னல்காரர்களை யாரும் அடக்கவில்லை.

ரிசல்ட் வந்தபோது செய்முறையில் பள்ளிக்கூடத்திலேயே எங்களுக்குத்தான் அதிக மார்க். மறுநாள் சித்தூர் காலேஜுக்கு விண்ணப்பம் வாங்க நான் கிளம்பினேன். "நான் கூட்டிட்டுப் போறேன்" என்று அப்பா சட்டை மாட்டினார். வாசலில் ஏற்கனவே பெரியப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நின்றிருந்தார். "உனக்கு அங்க ஆரத் தெரியும்? நாங் கூட்டிட்டுப் போறேன்" என்றார். இரண்டு பேருமே வந்தார்கள். பஸ்ஸில் ஒரே ஒரு இருக்கைதான் காலி. அண்ணனும் தம்பியும் அதில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஒன்பது வருஷப் பேச்சைப் பேச ஆரம்பித்தார்கள். என்னை மறந்தே போனார்கள். நான் சித்தூர் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனேன். அவ்வளவு சுகமாக நான் எந்த வண்டியிலும் போனதில்லை.